வீட்டில் என்ன சோலி?

பணி நிறைவு விழா மேடைகளில் தவறாமல் வரும் ஒரு பாராட்டு உண்டு. ‘அண்ணன் தன்னோட சர்வீஸ்ல ஒரு நாள்கூட அநாவசியமா லீவு போட்டதில்லை.’ 2022 மே 31 அன்று என் பெரியப்பாவுக்கும் அதையே சொன்னார்கள். அரசு தானியங்கிப் பணிமனையில் 36 ஆண்டு மெக்கானிக் வேலை. கலெக்டர் ஆபீஸ் ஜீப், தாசில்தார் ஜீப், பழைய அம்பாசடர், அப்புறம் வந்த பொலேரோ என்று மாவட்டத்தில் ஓடிய அரசு வண்டிகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. சால்வை போட்டார்கள், மோதிரம் போட்டார்கள், ஒரு பொலேரோவிலேயே மாலையும் கழுத்துமாக வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெரியம்மா பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கூச்சம் என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் ஊருக்கு ரயில் ஏறிய பிறகு அந்த வாக்கியம் என்னை விடவில்லை. எதற்காக இதைப் பாராட்டுகிறோம்? அவர் செய்த வேலையின் தரத்தைப் பற்றி மேடையில் இரண்டு வரிகூடப் பேசவில்லை. வராமல் இருந்ததில்லை என்பதைப் பற்றித்தான் ஆளாளுக்குப் பேசினார்கள்.

பெரியப்பா நியாயப்படி 2020 மே மாதமே வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர். அந்த மாதத் தொடக்கத்தில் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். இரண்டு முறையும் அவருக்குச் சந்தோஷம். பெரியம்மா, ரிடயர் ஆனதும் காசி, ராமேஸ்வரம், மகள் வீட்டில் ஒரு மாசம் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தார். முதல் தடவை ஊரடங்கு, எப்படியும் எங்கேயும் போயிருக்க முடியாது. இரண்டாம் தடவை, ‘சரி, இன்னும் ஒரு வருஷம்தானே’ என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாராம். இதைச் சொன்னது என் அக்கா.

அரசு வேலையில் இருப்பவர்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விடுப்பின் கணக்கு நன்றாகத் தெரியும். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். எடுக்காவிட்டால் டிசம்பரோடு போய்விடும். ஈட்டிய விடுப்பு அப்படியல்ல, சேர்த்து வைக்கலாம், ஓய்வு பெறும்போது 240 நாள்வரை காசாகக் கையில் வரும். பெரியப்பாவுக்கு முழு 240 நாளும் இருந்தது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு மாடிப்படி கட்டினார்கள், அக்கா மகள் பெயரில் கொஞ்சம் டெபாசிட் போட்டார்கள். அதில் தப்பே கிடையாது. எங்கள் குடும்பத்தில் மாடி என்று ஒன்று வந்ததே அப்போதுதான்.

தார்சாவில் ஒரு காலை

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். திருநெல்வேலி டவுனில் ஐப்பசித் திருக்கல்யாணத்தின் கூட்டம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பெரியப்பா வீட்டில் காலை எட்டு மணிக்கெல்லாம் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், உட்கார்ந்திருந்தார். எங்கேயோ புறப்படுகிறார் என்று நினைத்து, ‘எங்க பெரியப்பா கிளம்பிட்டீங்க?’ என்றேன். ‘எங்கயும் இல்லம்மா’ என்றார். தினமும் இப்படித்தானாம். பேப்பரை டெண்டர் விளம்பரம்வரை படித்து முடிப்பார். பத்து மணிக்கு மேல் அடுக்களைக்கு வந்து டப்பாக்களை அளவு வாரியாக அடுக்குவார். பெரியம்மா திரும்ப அதை மாற்றி வைப்பார். அதில் ஒரு சண்டை வரும். பெரிய சண்டை இல்லை, இருவரும் மதியம்வரை பேசிக்கொள்ளாத அளவுக்கு.

பெரியம்மா அன்றைக்குத் திருப்புகழ் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு பெரியப்பா சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். ‘ஜீப்பு வாசல்ல வந்து நிக்கும்போதே சத்தத்த வெச்சு எதுல கோளாறுன்னு சொல்லிருவேன், தெரியும்லா? உள்ள போனா நாலு பேரு அண்ணாச்சி வந்தாச்சான்னு கேப்பான். இங்க, வீட்ல என்ன சோலின்னு எனக்குத் தெரியலம்மா. உங்க பெரியம்மாவுக்கு நாள் பத்தல. எனக்குப் பகல் பூரா அப்படியே கெடக்கு.’ கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். ‘லீவு போட்டா என்ன செய்யன்னு தெரியாமத்தான் போடாம இருந்தேன். இவனுங்க அதப் போயி மேடைல சொல்லுதானுங்க.’

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதுவரை நான் மனதில் வைத்திருந்த கதையே வேறு. பெரியப்பா உழைப்பில் வாழ்ந்தவர், பெரியம்மா அவருக்காகக் காத்திருந்தே காலத்தைக் கழித்தவர், பாவம் பெரியம்மா என்பதுதான் அந்தக் கதை. அன்று காலை அது கண் முன்னே தலைகீழாகப் புரண்டது. பெரியம்மாவுக்குப் பதினோரு மணி என்றால் எதிர்வீட்டு ஆச்சியோடு பூண்டு உரித்தபடி ஊர்ப்பேச்சு இருந்தது. மாடியில் இருபது முப்பது தொட்டிச் செடி இருந்தது. சாயங்காலம் நெல்லையப்பர் கோவில் பிராகாரத்தில் அவருக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு என்று கற்கத் தொடங்கியவர், இன்று புத்தகம் பார்க்காமல் மணிக்கணக்கில் திருப்புகழ் பாடுகிறார். தாளம் தப்பினால் புதிதாக வருகிறவர்களுக்குத் திருத்தியும் கொடுக்கிறார். முட்டி ஆபரேஷன் நடந்தபோது மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் அந்தத் திருப்புகழ்க் கூட்டத்துப் பெண்கள்தான். இதெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை. அடுப்புக்கும் துணி துவைப்பதற்கும் மாமியாருக்கு மருந்து கொடுப்பதற்கும் நடுவில் கிடைத்த அரை மணி, முக்கால் மணிகளைக்கொண்டு பல வருஷமாக அவர் கட்டியெழுப்பியது.

இதை வைத்துப் பெரியம்மாவின் வாழ்க்கையை இனிப்பாகக் காட்டிவிடவும் எனக்கு மனமில்லை. அந்த அரை மணிகளும் அவருக்கு யாரும் கொடுத்தவை இல்லை, அவராகப் பிடுங்கிக்கொண்டவை. 2024-இல் நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிடம். ஆண்களில் ஈடுபடுகிறவர்களுக்கு 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே. பெரியப்பா ஒரு நாளும் லீவு போடாமல் பணிமனைக்குப் போக முடிந்ததற்கு இந்த ஐந்து மணி நேரமும் ஒரு காரணம். அந்த விழா மேடையில் அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் அன்று தார்சாவில் எனக்கு உறைத்தது இன்னொன்று. வேலைக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையையும் பழகித்தான் ஆக வேண்டும். சிநேகிதம், பாட்டு, செடி, கோவில், சும்மா உட்கார்ந்து பேசுவது, எல்லாவற்றுக்கும் கை பழக வேண்டியிருக்கிறது. ஜீப் சத்தத்தைக் கேட்டு கோளாறு சொல்ல பெரியப்பாவுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? ‘ரிடயர் ஆனதும் பார்த்துக்கலாம்’ என்று நாம் தள்ளிப்போடுகிறவையும் அதே அளவு வருஷங்களைக் கேட்பவை. 60 வயதில் மொத்தமாக நேரம் கைக்கு வரும்போது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாமல் போய்விடுகிறது.

அண்ணாச்சி என்று கூப்பிடும் இடம்

இதைப் படித்துவிட்டு வேலையே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று சொல்லி வளர்த்த தலைமுறை அது. பெரியப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, பிறத்தியார் வயலில் கூலிக்கு உழுதவர். அவரைப் பெயர் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள், அவரைவிட வயதில் சின்னப் பையன்கள் உட்பட. அவர் மகனை கலெக்டர் ஆபீஸ் டிரைவர்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு மரியாதைக்காக ஒரு மனிதர் 36 வருஷம் தினமும் எட்டு மணிக்குக் கிளம்பிப் போனால் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சம்பளம், பென்ஷன், பிள்ளைகள் படிப்பு, என் படிப்புக்குக்கூட ஒரு பங்கு, எல்லாம் அந்த எண்ணெய்ப் பிசுக்கிலிருந்து வந்தவைதான். அவருக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது.

சின்ன வயதில் ஆயுத பூஜைக்கு அந்தப் பணிமனைக்குப் போயிருக்கிறேன். ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். பொரி, கடலை, அவல், பூசணிக்காய். அன்றைக்கு யாரும் அந்தக் கருவிகளைத் தொடக் கூடாது. ஒரு பையன் அவசரத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போக, பெரியப்பா கோபமாக அதட்டியது நினைவிருக்கிறது. செய்யும் தொழிலே தெய்வம் என்று நாம் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம். தொழிலைக் கும்பிடுகிற நாள் என்பதே கருவியைக் கீழே வைக்கிற நாளாகத்தான் நம்மிடம் இருக்கிறது. எனக்கு இது ரொம்ப ஆழமான வழக்கமாகப் படுகிறது. வேலையை நேசிப்பவர்களால்தான் அதை ஓரமாக வைக்கவும் முடியும் என்று அந்தப் பணிமனையில் எல்லோரும் நம்பினார்கள், வருஷத்துக்கு ஒரு நாளாவது.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை பார்ப்பது பற்றிப் பேசியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டவர், வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். அதற்கு முன்னால், 2023 அக்டோபரில், இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 90 மணி நேரம் என்றால் ஏழு நாளும் வேலை பார்த்தாலும் நாளுக்கு ஏறக்குறைய 13 மணி நேரம். இந்தப் பேச்சுகளுக்கு வந்த கோபமான பதில்களில் பெரும்பாலானவை உடல்நலம், மன அழுத்தம் பற்றியவை. அவை சரியான பதில்கள். எனக்குச் சுப்ரமணியன் கேட்ட அந்தக் கேள்வியே வேறு மாதிரி கேட்டது. வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்று பெரியப்பா என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான். அவர் தொலைத்தவராகக் கேட்டார். இவர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நேரம் வகுக்கும் இடத்தில் இருந்துகொண்டு கேட்கிறார். வீட்டில் ஒன்றும் இல்லை என்று மேலே இருப்பவர் நம்பினால், கீழே இருப்பவர் வீட்டிலும் கடைசியில் ஒன்றும் இல்லாமல் போய்விடும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்று நாள் லீவு கணக்கு

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுத்த திருத்தம். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் வேலை பார்த்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம் என்றார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். என்னோடு வேலை பார்க்கும் சிலருக்கு அப்போது இது புரியவே இல்லை. ‘மூணு நாள் லீவு நல்லதுதானே? மொத்தம் அதே 48தானே?’ என்று மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்டார்கள்.

மொத்தம் அதே 48தான். ஆனால் 12 மணி நேர ஷிப்டும், போக வர கம்பெனி பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரமும் போனால் அந்த நாளில் தூக்கம் மட்டும்தான் மிஞ்சும். திங்கட்கிழமை சாயங்காலம் பிள்ளை வீட்டுப் பாடத்தோடு வந்து நிற்பதை வெள்ளிக்கிழமைக்குச் சேர்த்து வைக்க முடியாது. பெரியம்மாவின் வகுப்பு வாரம் தவறாமல் இருந்ததால்தான் அது வகுப்பாக இருந்தது. அவருக்கு மூன்று நாளை மொத்தமாகக் கொடுத்து மற்ற நாளெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தால் எதிர்வீட்டு ஆச்சியும் இருந்திருக்க மாட்டார், செடியும் காய்ந்திருக்கும். அந்தந்த நாளின் ஓய்வு அந்தந்த நாளிலேயே வேண்டும் என்று ஆலைக்குள் நிற்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்களுக்கு அது பழைய பாடம். எங்கள் பக்கத்துத் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் வாராந்திர விடுமுறையும் ஒன்று. வயிற்றுக்கே போதாத கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்கள், கூலியை மட்டும் கேட்டுவிட்டு நிற்கவில்லை, ஒரு நாளையும் சேர்த்துக் கேட்டார்கள். மார்ச்சில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாளில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றியது அதற்கப்புறம் 15 வருஷம் கழித்து. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்ற எல்லை இப்படிப் பலபேர் கேட்டுக் கேட்டு வந்தது. அந்த எல்லையை ஏசி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நாங்கள் ராத்திரி பதினொரு மணி வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் போட்டே அழித்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒருவர் குறுக்கே மறிக்கலாம். பெரியப்பாவுக்கு லீவு இருந்தது, எடுக்கவில்லை, லீவே இல்லாதவர்களை என்ன செய்வது? அதே பணிமனையில் வண்டி கழுவ வந்த தினக்கூலிக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. அவர்களிடம் போய் பாட்டு கற்றுக்கொள்ளுங்கள், செடி வளருங்கள் என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு முதலில் வேண்டியது சம்பளத்தோடு விடுப்பு, முடிகிற நேரம் தெரிந்த ஷிப்டு. அதனால்தான் வேலை வாழ்க்கைச் சமநிலை என்பதைத் தனி மனிதரின் மன ஒழுக்கமாக மட்டும் பேசும் உரைகள் எனக்கு ஒப்புவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தியானம் செய்தால் 12 மணி நேர ஷிப்டு எட்டு மணி நேரமாகிவிடாது.

ஒரு மணிக்கு மேல் இருக்க மாட்டேன்

பெரியப்பா இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் காலை வேளைகளில் போய் இன்ஜின் பார்க்கிறார். அங்கேயும் அண்ணாச்சிதான். சேரும்போதே முதலாளிப் பையனிடம், ‘மதியம் ஒரு மணிக்கு மேல இருக்க மாட்டேன், சம்பளத்த அதுக்கு ஏத்தமாரி குடு’ என்று சொல்லிவிட்டாராம். அவர் மறுபடி வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. இன்ஜினை அவருக்குப் பிடிக்கும். மதியத்துக்கு மேல் என்ன செய்வது என்று இன்னும் தடுமாறுகிறார் என்பதும் உண்மை. பெரியம்மாவோடு ஒரு தடவை வகுப்புக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். காசிக்குப் போய் வந்தார்கள். தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுகிறார், ரொம்ப விட்டுவிடுகிறார் என்று பெரியம்மா திட்டுகிறார். டப்பா சண்டை நின்றுவிட்டது.

நான் சென்னையில் ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒரு சின்ன டீமைப் பார்த்துக்கொள்கிறேன். என் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2022-இல் அதற்கு சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததைச் செய்தியில்தான் பார்த்தேன், அதன் ஓரமாகவே தினமும் போய் வந்துகொண்டிருந்தும். அந்தத் தீபாவளிக்கு அப்புறம் சனிக்கிழமைக் காலைகளில் பறவை பார்க்கிறவர்களோடு சேர்ந்து போக ஆரம்பித்தேன். முதலில் எல்லாமே கொக்காகத்தான் தெரிந்தது. இப்போது நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் பிரித்துச் சொல்ல வருகிறது. நீரில் நடக்கும் சின்ன உள்ளான்கள் இன்னும் பிடிபடவில்லை. பிடிபட நாளாகும், அதற்காகத்தான் இப்போதே போகிறேன்.

டீமில் எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், அம்பாசமுத்திரம் பக்கம். போன கோடையில் ஊர் அம்மன் கோவில் கொடைக்கு லீவு கேட்டான். ஒரு நாள்தான் கேட்டான், ராத்திரி பூஜைக்குப் போய்விட்டு விடிந்ததும் லாப்டாப்பைத் திறந்துவிடுவதாகவும் சொன்னான். கொடை எத்தனை நாள் என்று கேட்டேன். மூன்று நாள் என்றான். மூன்று நாளும் எடு, லாப்டாப்பை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்றேன். இரண்டாம் நாள் வாடிக்கையாளர் பக்கம் ஒரு பெரிய பிரச்சினை வந்தது, அவன் எழுதிய பகுதியிலேயே. அவனைக் கூப்பிடலாமா என்று மூன்று பேர் என்னிடம் வந்து கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களும் நானும் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் சரி செய்தோம். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் முடிந்தது. வாடிக்கையாளருக்கு அதை விளக்கி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது, எழுதினேன். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘எந்த நேரத்திலும் கிடைப்பவர்’ என்பதற்கு ஒரு கட்டம் இருந்தது. அந்த மதிப்பெண் என் டீமில் யாருக்கும் தேவையில்லை என்று மனிதவளத் துறைக்கு எழுதிக் கேட்டேன். இந்த ஆண்டுப் படிவத்தில் அது இருக்கிறது, கட்டாயம் இல்லை என்று ஒரு குறிப்போடு. அடுத்த ஆண்டு எடுத்துவிடச் சொல்லி மறுபடி எழுதப் போகிறேன்.